காலி மேஜைக்கு மேலே ஓடும் ஃபேன்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபத்தைந்துக்கு விடுதி வார்டன் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க பொண்ணு பத்து மணிக்கே வெளிய போயிட்டாளே. அம்மா கேட்டுல நிக்கிறாங்கன்னு பதிவேட்ட வாங்கிட்டுப் போனா. இதோ, நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

என் கையெழுத்துதான். நான் போடுவதைவிட நிதானமாக, கடைசி எழுத்தின் வால் வரை சரியாகப் போட்டிருந்தது. பத்து மணிக்கு நான் மன்னார்குடியைத் தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

திருத்துறைப்பூண்டியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போதும் ஞாயிறு முற்பகலில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் முதல் மணிக்கே எடுத்துவிடுகிறேன்.

அன்று அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் தன் மகளோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. விடுதியில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட பெற்றோருக்கு யாருக்குமே பெயர் கிடையாது. நான் அபி அம்மா. அவர் சௌமியா அப்பா. எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு கிராமம், லைன்மேன் வேலை. என் கைப்பேசியில் 'கரண்ட் அண்ணன்' என்று பதிந்து வைத்திருந்தேன்.

எங்கள் பெண்கள் இருவரும் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக தஞ்சாவூரில் தங்கிப் படித்தார்கள். கையில் ஃபோன் கூடாது. ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டு வெளியே அழைத்துப் போகலாம். ஆறு நாள் விடுதிச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகள். அதனால் எங்கே சாப்பிடப் போவது என்று அந்தப் புங்கமரத்தடியில் வாராவாரம் ஒரு மாநாடே நடக்கும். மன்னார்குடி நெல் வியாபாரி ஒருவர் பிரியாணிக் கட்சி. பட்டுக்கோட்டையிலிருந்து வரும் ஒரு அம்மா தலைவாழை இலைக் கட்சி. நான் பேர்போன ஓட்டல் கட்சி. கூட்டம் இருக்கிற இடத்தில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும் என்பது என் தீர்மானம்.

அவர் எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்பார்.

"அங்க உக்கார முடியுமா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. ஓட்டலில் நின்றுகொண்டா சாப்பிடுகிறோம்? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன பேர்போன ஓட்டலுக்கே எல்லோரும் போனோம். ரசத்துக்கு வருவதற்குள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் நின்றது. அந்த வீட்டுக் குழந்தை என் அப்பளத்தையே பார்த்தது. மோர் ஊற்றும்போதே பில் வந்துவிட்டது. கை கழுவித் திரும்பினால் என் இடத்தில் வேறொருவர் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "பஸ்ஸப் புடிக்கிற மாதிரி சாப்பிட்டீங்க தங்கச்சி. சாம்பார் நல்லா இருந்துச்சா?"

எனக்கு ஞாபகமே இல்லை.

இடம் தேர்ந்தெடுக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். எந்த ஓட்டல் வாசலிலும் நாங்கள் விலைப் பலகையைப் பார்ப்போம். அவர் தலையை நிமிர்த்தி கூரையைப் பார்ப்பார். ஆள் இல்லாத மேஜைக்கு மேலே ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடினால் செருப்பைக் கழற்றுகிறவர் மாதிரி ஒரு நிம்மதியோடு உள்ளே நுழைவார். ஓடவில்லை என்றால் "நடங்க" என்பார்.

"கரண்டு வீணாப் போகுதேன்னு பாக்குற ஆளு, நம்ம உக்காந்திருக்கிறதையும் அப்படித்தான் பாப்பான். நாம எந்திரிக்கிறதுக்குள்ள சுவிட்ச்ல கைய வச்சிருவான். காலி மேஜைக்குக் காத்து விடுறான் பாருங்க, அவன் நம்மள ஒண்ணும் சொல்லமாட்டான்."

இதற்காக நான்கு குடும்பங்களை கீழவாசலிலிருந்து ரயிலடி வரை உச்சி வெயிலில் நடக்க வைத்திருக்கிறார். மன்னார்குடிக்காரர் வழியெல்லாம் புலம்புவார். "யோவ், இவரு சாப்பிட வரல, லைன் செக் பண்ண வந்திருக்காரு. யாராவது ஏணி இருந்தா குடுங்கய்யா."

"ஏணி வேணாம் மொதலாளி, ஒங்க தோள் போதும்" என்பார் இவர், நடையை நிறுத்தாமல்.

அவர் கணிப்பு எப்போதும் பலித்தது என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை தெற்கு வீதியில் ஆறு காலி மேஜைகளுக்கு மேலே ஆறு ஃபேன் சுழன்றதைப் பார்த்து வெற்றி வீரராக உள்ளே போனார். அங்கே எல்லா ஃபேனும் ஒரே சுவிட்சில் மாட்டியிருந்தது. கால் மணி நேரத்தில் சர்வர் வந்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தான், எங்கள் தட்டு மேஜையில் இருக்கும்போதே. மன்னார்குடிக்காரருக்கு மூன்று வாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் கரண்ட் அண்ணன் அசரவில்லை. முதலாளியிடம் போய், தனித்தனி சுவிட்ச் போட்டால் என்ன செலவாகும், எந்த வயர் வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பதிலுக்கு எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு போண்டா வந்தது.

அவர் தேர்ந்தெடுத்த இடங்களில் சாப்பாடு சுமார்தான். அதை அவரே ஒத்துக்கொள்வார். "சாம்பாரு தண்ணிதான். நாற்காலி நல்லா இருக்குல்ல?" என்பார்.

அப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடித்த நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவும் மகளும் என்னதான் பேசுகிறார்கள் என்று நான் கவனித்திருக்கிறேன். ஒன்றும் பேசமாட்டார்கள். சௌமியா வாரப் பத்திரிகையைப் புரட்டுவாள். சில நாள் மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நடுவில் ஊரிலிருந்து யாராவது விவசாயி கூப்பிடுவார். மோட்டார் ஓடவில்லை, நாற்று காய்கிறது என்று எதிர்முனையில் போடும் சத்தம் எனக்கே கேட்கும்.

"இன்னிக்கு எனக்கு லீவுய்யா. தஞ்சாவூர்ல உக்காந்திருக்கேன்" என்பார். பிறகு மனசு கேட்காமல், யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் கம்பத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "மூணு மணி நேரம் என்னண்ணே பேசுனீங்க?"

"ஒண்ணும் பேசல தங்கச்சி. பேசணும்னா பேசுவா."

"மார்க்கு கேக்க மாட்டீங்களா?"

"அதான் சென்டர்லேருந்து மெசேஜ் வருதே."

எனக்கு அது பொறுப்பில்லாத பேச்சாகப் பட்டது. என் கணவர் குவைத்தில் இருந்தார். இரவு கூப்பிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி மார்க்குதான். அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டியவள் நான். அதனால் அபியோடு கிடைக்கும் நான்கு மணி நேரத்தில் இலை போடுவதற்கு முன்னால் இயற்பியல், கூட்டு வரும்போது வேதியியல், பாயசத்துக்கு உயிரியல் என்றுதான் எங்கள் சாப்பாடு போகும். அவள் தட்டைப் பார்த்தபடி பதில் சொல்வாள். கடைசிக் கடைசியில் பதில்கள் ஒற்றைச் சொல்லாகிவிட்டன. கூட்டமான ஓட்டலில் சத்தமாக இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. மன்னார்குடிக்காரர் ஒரு நாள் கிண்டலாக, "ஒமக்கு ஏன்யா இந்த நாற்காலிப் பைத்தியம்?" என்று கேட்டபோது அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பா பண்ணை வேலை பாத்தவரு. டீக்கடையில அவர யாரும் உக்காருன்னு சொன்னதில்ல. வெளிய நின்னு குடிச்சிட்டு, கிளாஸக் கழுவிக் கவுத்துட்டு வரணும். எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்த அன்னிக்கு அவரத் தஞ்சாவூருக்குக் கூட்டியாந்தேன். ஒரு ஓட்டல்ல ரெண்டு பேரும் மூணு மணி நேரம் உக்காந்திருந்தோம். ஆளுக்கு ஒரு டீதான். எப்ப எந்திரிக்கச் சொல்லுவானோன்னு அவரு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. யாருமே சொல்லல. கடைசில அவரே, 'போதும்டா, கெளம்பலாம்'னாரு. டீ எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல மொதலாளி. உக்காந்தது இருக்கு."

சொல்லிவிட்டு அவரே பேச்சை மாற்றி, வடை ஆறுகிறது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வழக்கமாக நான் விடுதிக்கு வந்து சேர மதியம் ஒரு மணி ஆகிவிடும். ஞாயிறு காலை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வரிசையில் நிற்பார்கள். அவர்களை முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஆனால் அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலை பயிற்சி மையத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மார்க் குறைந்ததால் அபியை முதல் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவு வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. வேலைக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டு, ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டேன். வந்த இடத்தில்தான் அந்தக் கையெழுத்து.

நான் கேட்டுக்கு வெளியே எப்படி வந்தேன் என்று தெரியாது. அவரிடம் விஷயத்தைச் சொன்னது மட்டும் தெரியும். போலீஸ், ரயில்வே கேட், ஆறு என்று என்னென்னவோ சொன்னேன். சௌமியா முகம் வெளுத்து நின்றாள்.

அவர் மகளைப் பார்த்து, "ஒனக்கு எதாவது சொன்னாளா?" என்றார்.

"இல்லப்பா. வகுப்பு மாத்துனதுலேருந்து யார்கிட்டயும் பேசல. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு மட்டும் ஒரு தடவ கேட்டா."

அவர் கண்ணை மூடினார். சுவருக்குள் வயர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிற மாதிரி.

"எங்கயாவது உக்காந்திருப்பா" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என் பொண்ணக் காணோம்ணே. நீங்க இப்பவும் உக்கார்றதப் பத்தியே பேசுறீங்க!"

"அதத்தான் பேசணும் தங்கச்சி. பதினேழு வயசுப் பொம்பளப் புள்ள. கையில நூறோ நூத்தம்பதோ இருக்கும். இந்த வெயில்ல தனியா எங்க இருப்பா? பஸ்டாண்டுல உக்காந்தா பத்துப் பேரு என்னம்மான்னு கேப்பான். பார்க்குல அதவிட மோசம். இந்த ஊர்ல யாரும் எதுவும் கேக்காத எடம் அவளுக்கு நான் காட்டுனது மட்டும்தான் தெரியும். மொத்தம் ஏழு. அதுல தனியா ஒரு புள்ள உக்காரக்கூடியது மூணு."

"அங்க இல்லன்னா?"

"ஒரு மணிக்கு நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். வார்டன்கிட்ட இப்பவே சொல்லிட்டுக் கெளம்புவோம்."

சௌமியாவை கேட்டிலேயே நிறுத்தினார். அபி வந்தால் வாட்ச்மேன் ஃபோனிலிருந்து கூப்பிட வேண்டும், அதுவரை அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்றார். நாங்கள் ஆட்டோ ஏறினோம்.

கீழவாசல் மாடி ஓட்டல் பூட்டிக் கிடந்தது. ஞாயிறு விடுமுறை என்று பலகை. இத்தனை ஞாயிறு வந்து போனவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "போன மாசம்வர தொறந்திருந்தானே" என்று தலையில் தட்டிக்கொண்டார். அடுத்தது தெற்கு வீதி, அந்த ஒற்றை சுவிட்ச் ஓட்டலுக்கு எதிரில். பக்கத்து மண்டபத்துக் கல்யாணக் கூட்டம் முழுக்க அங்கே காபிக்கு வந்திருந்தது. பட்டுப் புடவைகளுக்கு நடுவே நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு பெண் என்னை உறவினர் என்று நினைத்து, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

"மூணாவது இருக்கு" என்றார் அவர். "வாங்க."

மூன்றாவது ரயிலடிக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் இருந்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் பெட்டியோடு வந்து உட்காரும் இடம். அதனால் அங்கே யாரையும் எழுப்புவதில்லை. உள்ளே போனபோது மணி ஒன்று. மூன்று பேர்தான் இருந்தார்கள். அபி இல்லை.

அவர் சர்வரிடம் போனார். நரைத்த மீசைக்காரர். "அண்ணே, கண்ணாடி போட்ட புள்ள, தனியா..."

"பச்சச் சுடிதாரா? ஆமா, பத்தரைக்கு வந்துச்சு. ஒரு காபி, பெறவு ஒரு ரவா தோசை. அந்தா அந்த ஜன்னலோரம். கொஞ்ச நேரம் எழுதுச்சு, பெறவு தலைய மேஜையில வச்சுத் தூங்கிருச்சு. நல்ல தூக்கம். நான்தான் ஃபேன கொஞ்சம் கூட்டி வச்சேன். பன்னெண்டரைக்கு எந்திரிச்சு மணி கேட்டுச்சு. அய்யோன்னுட்டு ஓடிருச்சு."

"அழுதுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லையே. ஏம்மா?"

பன்னிரண்டரைக்கு மணி கேட்டு ஓடினாள் என்றால், நான் வழக்கமாக வரும் ஒரு மணிக்குள் விடுதிக்குப் போய்ச் சேரத்தான். அது எனக்கு உறைப்பதற்குள் அவர் ஃபோன் அடித்தது. ஒரு மணி ஐந்து நிமிடம்.

"அப்பா, அபி வந்துட்டா. டவுன் பஸ்ல எறங்கி ஓடியாறா."

நான் அந்த ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பையை எடுத்தேன். "ஆட்டோ நிக்கிதான்னு பாருங்கண்ணே, போயிடலாம்."

அவர் அசையவில்லை.

"அங்க போயி எங்க வச்சுப் பேசுவீங்க? கேட்டுலயா, வார்டன் ரூம்லயா? எல்லாரும் சுத்தி நிப்பாங்க. நீங்க கத்துவீங்க, அவ தலையக் குனிஞ்சுக்குவா. ரெண்டு பேருமா ஆட்டோ புடிச்சு இங்க வரட்டும்."

"இப்ப அவளப் பாக்காம என்னால உக்கார முடியாதுண்ணே."

"முடியாதுதான். இருந்தாலும் உக்காருங்க."

இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் கம்பத்தில் ஏறும்போது கீழே நிற்கிறவனிடம் சொல்கிற குரல் அது, கேட்டுத்தான் ஆகவேண்டும். நான் வார்டனிடம் ஃபோனில் பேசினேன். என் பெண்தான், என் பொறுப்புதான், அனுப்பி வையுங்கள் என்றேன். கையெழுத்துப் பற்றி மறுநாள் வந்து பேசுகிறேன் என்றேன். பிறகு உட்கார்ந்தேன்.

இருபத்தைந்து நிமிடம். என் வாழ்க்கையில் ஓட்டலில் ஒன்றும் சாப்பிடாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தேன். கையெழுத்து எப்போதிலிருந்து, எத்தனை தடவை, என்ன எழுதினாய், மூன்றாம் பிரிவு ஏன். அவர் எதிரில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும், "தண்ணி குடிங்க" என்றார்.

ஆட்டோச் சத்தம் கேட்டதும் எழுந்தார். "நாங்க அந்தக் கடைசி மேஜைக்குப் போயிர்றோம்" என்றார். வாசலில் சௌமியாவின் தோளைத் தொட்டுத் திருப்பி அழைத்துக்கொண்டு போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதுதான் அவரை நான் கடைசியாக நன்றாகப் பார்த்தது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் தேர்வு முடிந்தது, சௌமியா வேறு ஊரில் நர்சிங் சேர்ந்தாள். நான் கைப்பேசியை மாற்றியபோது அந்த எண்ணும் போய்விட்டது. பெயர் தெரிந்திருந்தால் யாரிடமாவது விசாரித்திருக்கலாம்.

அபி வாசலில் நின்றாள். ஒரு கன்னத்தில் மேஜையின் தடம் இன்னும் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவள் வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு மணி நேரம் இங்க யாருமே என்னை ஒண்ணும் கேக்கலம்மா. நீயும் ஒரு பத்து நிமிஷம் கேக்காம இரேன். அப்பறம் எல்லாத்தையும் நானே சொல்றேன்."